விட்டத்துக் கயிறு

"தவலையத் தூக்கினு வந்த வழியே போ மாரியம்மா. எம் மருமவளுக்கு இன்னிக்கும் தண்ணி ஊத்தப் போறதில்ல."

பொழுது விடிந்து, கடலுக்குப் போன கட்டுமரங்கள் தூரத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்துகொண்டிருந்த நேரம். சொர்ணம் தன் வீட்டு வாசலில் இரண்டு கைகளையும் இருபக்க நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டி ஒரு பூனைகூட உள்ளே போயிருக்க முடியாது. எதிரே பக்கத்து வீட்டு மாரியம்மா. அவளும் அவள் ஓர்ப்படியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்த வெந்நீர்த் தவலை மணலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். வாசனை தெருக் கோடிவரை போய்விட்டது.

"இன்னா சொர்ணம் இது? புள்ள பெத்த வயித்துல சுடச்சுட தண்ணிய வீசி அடிச்சாத்தானே அழுக்கு எறங்கும்? நம்ம குப்பத்துல எவளுக்காவது அடிக்காம வுட்டுக்கீறோமா?"

"வுடல. இவளுக்கு வாணாம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"நான் சொல்றேன்ல, அதான்."

ஏன் என்பதற்கு ஒரே வரியில் பதில் இருந்தது. அந்த ஒரு வரியை யாரிடமும் சொல்வதில்லை என்று சொர்ணம் வாக்குக் கொடுத்திருந்தாள். அவளுக்கு வாய் நீளம் என்பது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். திருப்போரூர்ச் சந்தையில் அவளிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அப்படிப்பட்ட வாய் ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டிக்கொண்டால் ஊருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. "அத்த... அத்த..."

மாரியம்மா எக்கிப் பார்த்தாள். சொர்ணத்தின் தோளுக்கு மேலாக அவள் கண்ணில் பட்டது இதுதான்: கூரை விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. பாயில் கிடக்கும் மருமகள் கன்னியம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

"இன்னாடி அது... கயிறு?"

சொர்ணம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தியிருக்கக் கூடாது. திறந்தே விட்டிருந்தால் பின்னால் வந்த வம்பில் பாதி வந்திருக்காது.

கன்னியம்மாவுக்கு இது தலைப்பிரசவம். முறைப்படி சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்தில், அவள் தாய் ஆதியம்மாள் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. அழைத்துப்போக நாள் பார்த்து வைத்திருந்த சமயத்தில் அந்த வீட்டு இளையவள் வேண்டாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அங்கிருந்து யாரும் வெளியே போகக் கூடாது, வெளியாள் உள்ளே வரவும் கூடாது. வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தெரியுமா? அது தன்பாட்டுக்கு முன்கூட்டியே கிளம்பிவிட்டது.

குப்பத்து மருத்துவச்சி கைவைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "புள்ள குறுக்கால கெடக்குது சொர்ணம். என்னால ஆவாது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போ."

சொர்ணம் உட்கார்ந்து அழவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்குக் கருங்கல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியை நடுரோட்டில் கைகாட்டி நிறுத்தினாள். டிரைவர் தயங்கினான். "வண்டியில ஏத்தறியா, இல்ல சக்கரத்துக்கு முன்னால படுக்கட்டா?" என்று கேட்டாள். அவன் இறங்கி வந்து பின்பலகையைத் திறந்துவிட்டான். லாரி திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் நின்றது. கல்தூள் அப்பிய தார்ப்பாயின் மேல், மருமகளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு சொர்ணமும், காலடியில் மகன் தணிகைவேலும் அந்த வழி முழுக்க உட்கார்ந்தே போனார்கள்.

அங்கே வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

கன்னியம்மா கண்விழித்து, வயிற்றில் இருந்த கட்டைத் தடவிப் பார்த்து, விவரம் புரிந்ததும் முதலில் கேட்டது குழந்தையை அல்ல.

"அத்த... என்ன அறுத்துட்டாங்களா?"

"ஆமாண்டி கண்ணு. உசுரு பொயச்சிக்கினியே, அது போதும் எனக்கு."

"யார்கிட்டயும் சொல்லிடாத அத்த. எங்கம்மாகிட்டகூட சொல்லாத. அது வாயில ஒண்ணும் நிக்காது, மாமாகிட்ட சொல்லிடும். வேண்டாவ மாமா வூட்டுக்குத்தான் பேசிக்கினு கீறாங்க. அக்காக்காரிய அறுத்தாங்க, தங்கச்சியையும் அறுக்கணும்னு சொல்லிடுவாங்க... அவ கல்யாணம் என்னால நின்னுதுன்னா நான் பொயச்சும் பிரயோசனம் இல்ல."

அவள் பயந்தது வீண்பயம் இல்லை. கன்னியம்மாவுக்கு அப்பா கிடையாது. தாய்மாமன் காத்தவராயன்தான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம். அவர் மகனுக்குத்தான் வேண்டாவை முடிப்பதாகப் பேச்சு. மீன்காரக் குடும்பத்தில் பெண் பார்க்கிறவர்கள் முகத்துக்கு முன்னால் கழுத்தைப் பார்ப்பார்கள், கூடை தாங்குமா என்று. வயிறு அறுத்தவள் கூடை தூக்கமாட்டாள் என்ற பேச்சு அந்தக் கடற்கரை முழுக்க இருந்தது.

சொர்ணம் மருமகளின் நெற்றியில் கைவைத்தாள். "அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏர்ற வரைக்கும் என் வாயிலேர்ந்து வராது. கன்னியம்மன் மேல ஆணை. நீ தூங்கு."

குப்பத்தில் கேட்டவர்களிடம், ஆயுதம் போட்டு எடுத்தார்கள் என்று சொல்லிவைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நர்ஸ் ஞானம்பாள் சொர்ணத்தைத் தனியே கூப்பிட்டாள்.

"தையல் பிரிச்சாச்சு, ஆறிடுச்சுன்னு நெனச்சுக்காதீங்கம்மா. உள்ள இன்னும் பச்சைப் புண்ணுதான். வயித்துல வெந்நீர் அடிக்கறது, துணியப் போட்டு இறுக்கறது, வண்டியில வெச்சுக் குலுக்கறது, ஒண்ணும் கூடாது. எழுந்திருக்கறப்ப நேரா எழக் கூடாது. ஒருக்களிச்சுத் திரும்பி, எதையாவது பிடிச்சுக்கிட்டு எழணும். இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சுக்கணும். மாத்திரைய வலி வந்த பிறகு தேடாதீங்க. வலி தலையெடுக்கறதுக்குள்ள, வேளாவேளைக்கு சாப்பாட்டுக்கு மேல குடுங்க. அதுக்காகப் படுத்தே கெடக்கவும் விடாதீங்க. மெல்ல நடக்கணும்."

சொர்ணம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் இரும்புக் கட்டில் இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. வீட்டில் இருந்தது கோரைப்பாய். வந்த மறுநாளே சொர்ணம் குழாயடிக்குப் போன நேரத்தில் குழந்தை அழுதது. கையெட்டும் தூரத்தில் கிடந்த பிள்ளையை எடுக்க, கன்னியம்மாவால் எழ முடியவில்லை. தலையைத் தூக்கினால் அடிவயிற்றைக் கத்தியால் கீறுகிற வலி. சொர்ணம் குடத்தோடு திரும்பி வந்தபோது பிள்ளை ஒரு பக்கம் அழுதது, தாய் ஒரு பக்கம் அழுதாள்.

குடத்தை வைத்த கையோடு சொர்ணம் மகனுடைய பழைய வலைக்கயிறு ஒன்றை எடுத்து விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். பாயில் ஒருக்களித்துப் படுத்தவள் கைநீட்டினால் எட்டுகிற உயரம். கன்னியம்மா பிடித்துப் பார்த்தாள். எழ முடிந்தது. ஆனால் உப்பேறிய கயிறு உள்ளங்கையை அறுத்தது.

சொர்ணம் கொஞ்ச நேரம் கயிற்றைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து தன் கூரைப் புடவையை எடுத்தாள். கல்யாணத்தன்று கட்டியது. அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. காமாலையில் புருஷன் போன பிறகு அதை அவள் கட்டவில்லை. தான் கட்டையில் போகும்போது மேலே போர்த்த வேண்டும் என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் இருந்த துணியிலேயே மெத்தென்று இருந்தது அதுதான். பல்லால் கடித்துக் கிழித்துக் கயிற்றின் நுனியில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள்.

"ஐயோ அத்த... அது ஒன் கல்யாணப் பொடவ."

"நான் சாவறதுக்கு இன்னும் நாள் கீது. நீ எழுந்திருக்கறது இப்பவே ஆவணும். புடி."

அதற்குப் பிறகு அந்த வீடு ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலையில் பூண்டுக் கஞ்சி, அதன் மேல் மாத்திரை. சூரியன் ஏறுவதற்குள் வீட்டுக்குள்ளேயே மெல்ல ஒரு நடை. மத்தியானம் பால்சுறாப் புட்டு. இருமல் வந்தால் இலவம்பஞ்சுத் தலையணை. சொர்ணம் சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒன்றில் மட்டும் மருமகள் முரண்டு பிடித்தாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னாத்துக்கு அதப் பாத்துகினு கீற? முழுங்கு."

"எல்லாரும் நோவெடுத்து, கத்திப் பெத்துக்கறாங்க. நான் மயக்கத்துல படுத்துக்கினு இருந்தேன். இந்த வலியாவது நான் படணும் அத்த. இல்லன்னா நான் எங்க பெத்தேன்?"

சொர்ணம் தண்ணீர்ச் சொம்பை அவள் முன்னால் வைத்தாள்.

"த பாரு. ஒன்ன அறுத்து, தெச்சு, பாயில போட்டு வெச்சிக்கீறாங்க. இதுக்கு மேல இன்னா நோவு ஓணும் ஒனக்கு? வலியப் பொறுத்தவளுக்கு எவன் வந்து மால போடப் போறான்? நீ பல்லக் கடிச்சிக்கினு கெடந்தா பால் ஊறாது. புள்ளதான் கத்தும். முழுங்கிட்டு புள்ளய எடு."

கன்னியம்மா விழுங்கினாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. சிரித்தால் வலிக்குமே என்று தலையணையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

தணிகைவேல்தான் ஊர்ப்பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடலிலிருந்து வந்தவன் நாஸ்தாவில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"சந்தையில ஒன் எடத்துல வேற ஒருத்தி கூட வெச்சி உக்காந்துக்கினாளாம்மா."

"உக்காரட்டும்."

"அது மட்டுமில்ல. மாரியம்மா கூட்டாளிங்க திருக்கழுக்குன்றம் வரைக்கும் சொல்லிக்கினு போறாங்க. சொர்ணம் மருமவள கயித்துல கட்டிப் போட்டுக்கீறா, தண்ணி ஊத்த வுடமாட்டேங்கறா, தாய் வூட்டுக்கும் அனுப்பமாட்டேங்கறான்னு. அங்க அம்மை எறங்கி தண்ணி ஊத்தியாச்சி. என் மாமியா ரெண்டு தபா ஆள் அனுப்பியும் நீ முடியாதுன்ட்ட. பேஜாரா பூடும்மா. ஒரு வார்த்த நெசத்தச் சொல்லிட்டா இன்னா?"

"ஆணையிட்டுக் குடுத்தது நானு. நீ கஞ்சியக் குடிச்சிட்டுப் போய் வலையக் காயப் போடு."

பேச்சு உறைப்பாகத்தான் வந்தது. ஆனால் அவன் எழுந்து போன பிறகு சொர்ணம் மூலையில் கவிழ்த்திருந்த மீன்கூடையை நிமிர்த்தி, தூசி தட்டி, மறுபடியும் கவிழ்த்து வைத்தாள். புருஷன் போன பிறகு இந்தக் கூடைதான் அவளுக்கும் மகனுக்கும் சோறு போட்டது. சந்தையில் அந்த இடத்தைப் பிடிக்க அவள் போட்ட சண்டைகள் கொஞ்சமில்லை. அவளுக்கு வலித்தது. அந்த வலிக்கு மாத்திரை எதுவும் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

பேச்சு கூடைகளோடு சேர்ந்து ஒவ்வொரு சந்தையாக ஏறி இறங்கிச் சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாகப் பருத்திருந்தது.

ஒரு நாள் காலை மாட்டு வண்டி ஒன்று மணலில் முக்கி முனகிக்கொண்டு சொர்ணத்தின் வாசலில் வந்து நின்றது. வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்திருந்தது. முதலில் இறங்கியவள் ஆதியம்மாள். கையில் ஒரு கட்டு நொச்சி. பின்னால் தோளில் துண்டோடு காத்தவராயன். தணிகைவேல் கடலில் இருந்தான். மாரியம்மா வீட்டு வாசலில் அதற்குள் நாலு பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எங்க எம் பொண்ணு?" வண்டியை விட்டு இறங்கும்போதே ஆதியம்மாளுக்கு அழுகை முட்டியது. "ஒன்ன நம்பித்தானே சம்மந்தி குடுத்தேன்... வூட்டுல அம்மை, நான் வர முடியல. அதுக்குன்னு எம் பொண்ண இப்படிப் பண்ணுவியா? பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி ஊத்தல, தாய் மூஞ்சியக் காட்டல... மாட்ட கட்டற மாதிரி கயித்துல கட்டி வெச்சிக்கீறியாமே."

"உள்ள வா சம்மந்தி. வெயில்ல நிக்காத. மோர் தரேன், குடிச்சிட்டுப் பேசு."

"ஒன் வூட்டுல கை நனைக்க வரல நான். எம் பொண்ண இட்டுனு போவத்தான் வந்தேன்."

சொர்ணம் வாசலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். "பாக்கறதுன்னா பாரு. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாரு. வண்டியில ஏத்த வுடமாட்டேன்."

"ஏன் வுடமாட்ட தங்கச்சி?" காத்தவராயன் குரலை உயர்த்தவில்லை. "எங்க வூட்டுப் பொண்ணு. நாங்க கேக்கறோம். காரணத்த சொல்லு."

"சொல்றதுக்கில்ல அண்ணாத்த. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும். நானே வண்டி கட்டி அனுப்பறேன். என்ன நம்பு."

"கயித்துல கட்டினவள எப்படி நம்பறது?"

நாலு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஊரில் தன் பேருக்கு இருந்த மரியாதை எல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டதை சொர்ணம் உணர்ந்தாள். ஒரு வரி. சொன்னால் இந்த நிமிஷமே அவள் நல்லவள். வேண்டாவின் கல்யாணத்தை முடிவு செய்கிற மனிதர் நேர் எதிரே நிற்கிறார். சொர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆதியம்மாள் குனிந்து, அவள் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே போய்விட்டாள். காத்தவராயனும் பின்னாலேயே போனார்.

உள்ளே கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அதைப் பிடித்துப் பாதி எழுந்த நிலையில் இருந்தாள். வெளியே கேட்ட சத்தத்துக்குப் பதறி எழ முயன்றதில் முகம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் ஆதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். காத்தவராயன் இடுப்பில் செருகியிருந்த கத்தியை உருவி, எட்டிக் கயிற்றை அறுத்துவிட்டார்.

"மாமா, வாணாம்..."

சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மா பாயில் மல்லாக்க விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். தூங்கிய குழந்தை வீறிட்டது.

சொர்ணம் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் தலையணையை எடுத்து மருமகளின் வயிற்றோடு வைத்தாள். "மூச்ச வுடு. மெல்ல. என் பக்கம் திரும்பு கண்ணு... முட்டிய மடக்கு. அவசரம் இல்ல. கழுத்தப் புடிச்சிக்க." கன்னியம்மாவின் கைகள் தாமாகவே வந்து அவள் கழுத்தைச் சுற்றின. ஒருக்களித்து, கால் மடங்கி, சொர்ணத்தின் தோளில் பாரத்தைப் போட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். ஒருவர் எப்போது மூச்சு விடுவார் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனையோ தடவை செய்து பழகிய காரியம் என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

ஆதியம்மாளின் அலறல் பாதியில் நின்றுவிட்டது. மகளைத் தொட நீட்டிய கை அந்தரத்திலேயே இருந்தது. எங்கே தொடுவது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

"மாமா, அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றாள் கன்னியம்மா.

"சொல்லாதடி," என்றாள் சொர்ணம் பதறிப்போய். "வாய மூடு. தங்கச்சிய நெனச்சிப் பாரு."

"போதும் அத்த. எனக்கு வலிக்குதுன்னு நீ மாத்திர குடுத்த. ஒனக்கு வலிக்கறதுக்கு நான் வேற இன்னா குடுக்கறது?" அவள் சேலையைக் கொஞ்சம் கீழிறக்கிக் காட்டினாள். "பாரும்மா. அறுத்துத்தான் எடுத்தாங்க. புள்ள குறுக்கால கெடந்திச்சி. அத்த மட்டும் லாரிய நிறுத்தலன்னா ரெண்டு பேரும் பூட்டிருப்போம்."

ஆதியம்மாள் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி அடிச்சா பிரிஞ்சிக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க. வண்டியில குலுங்கக் கூடாதுன்னாங்க. அதான் அனுப்பல. கயிறு நான் புடிச்சி எழுந்திருக்க. வேண்டா கல்யாணம் நின்னுடும்னு யார்கிட்டயும் சொல்ல வாணாம்னு நான்தான் ஆணை வாங்கிக்கினேன். ஊரே காறித் துப்புது, அத்த வாய தொறக்கல. சந்தையில எடம் போச்சி, அதுக்கும் வாய தொறக்கல..."

வாசலில் நின்ற மாரியம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

ஆதியம்மாளின் மடியில் அறுந்த கயிற்றின் நுனி கிடந்தது. அவள் அதை எடுத்தாள். சுற்றியிருந்த துணியை விரலால் தடவினாள். அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. எல்லாப் பெண்களுக்கும் தெரிகிற புடவைதான் அது.

"சம்மந்தி... இது ஒன் கூரப் பொடவ."

"கயிறு கைய அறுத்திச்சி," என்றாள் சொர்ணம். "வேற துணி மெத்துன்னு இல்ல."

ஆதியம்மாள் தவழ்ந்தே வந்து அவள் காலைப் பிடிக்கப் போனாள். சொர்ணம் பாதி வழியிலேயே அவளைத் தூக்கிப் பிடித்தாள். "ஐயே, இன்னா இது... எழுந்திரு சம்மந்தி" என்று அதட்டத்தான் வாயெடுத்தாள். அதட்டல் வரவில்லை. லாரியிலும் அழாதவள், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அழாதவள், ஊர் தூற்றியபோதும் அழாதவள், சம்மந்தியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசித்து விசித்து அழுதாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழ, பாயில் இருந்தவள் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

காத்தவராயன் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பாமலேயே பேசினார்.

"என் மொதப் புள்ளயும் குறுக்கால கெடந்ததுதான். எம் பொண்டாட்டி கத்தினு கீறா, நான் வெளிய உக்காந்து வல பின்னிக்கினு கீறேன். புள்ளய மண்ணுலதான் போட்டோம். அன்னிக்கு லாரிய மறிக்க எங்க வூட்டுல ஒருத்தி இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேண்டா கல்யாணம் நிக்காது. எவளாவது வாய தொறந்தா நான் பதில் சொல்றேன். கன்னி, சேலைய சரி பண்ணிக்கினியா? நான் திரும்பலாமா?"

"திரும்பிக்க மாமா."

அவர் நேராக ஆதியம்மாளிடம் போய்க் கையை நீட்டினார். "அக்கா, அந்தக் கயித்தக் குடு."

அறுந்த இரண்டு முனைகளையும் பிரித்து, புரியோடு புரி கோத்து முறுக்கினார். கடலில் வலை இழுக்கிற கயிற்றைத்தான் அப்படி இணைப்பார்கள். முடிந்ததும் தன் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு இரண்டு முறை தொங்கிப் பார்த்தார். கூரையிலிருந்து கொஞ்சம் தூசிதான் கொட்டியது.

"இப்ப புடிச்சி எழுந்திரும்மா. நான் பாக்கணும்."

கன்னியம்மா ஒருக்களித்துத் திரும்பி, சிவப்புத் துணியைப் பிடித்து, மெல்ல எழுந்து நின்றாள். அழுத கண்ணோடு மாமனைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும் முன் தலையணையை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை.

வண்டி வெறுமனே திரும்பிப் போனது. ஜமக்காளத்தை மட்டும் எடுத்துப் பாய்க்கு அடியில் விரித்துவிட்டு, ஆதியம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். மகளைக் கொடுத்த வீட்டில் தாய் தங்குவதில்லை என்று யாரோ வாசலில் முணுமுணுத்தார்கள். "எனக்குப் பசிக்குது சம்மந்தி, கஞ்சி கீதா?" என்று அவள் உரக்கக் கேட்டதிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. கொண்டுவந்த நொச்சிக் கட்டு மாரியம்மா வீட்டு அடுப்புக்குப் போனது. மாரியம்மாவே வந்து வாங்கிக்கொண்டு, "எனக்கு இன்னா தெரியும் சொர்ணம்... கயித்தப் பாத்தேன், சொன்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள். "கதவ சாத்தினது நானுதான். போ, போய் வேலையப் பாரு" என்றாள் சொர்ணம்.

மறுநாள் காலை சொர்ணம் கவிழ்த்திருந்த கூடையை நிமிர்த்தினாள். தணிகைவேல் கொண்டுவந்த வஞ்சிரத்தை அடுக்கி, சும்மாடு சுற்றித் தலையில் ஏற்றினாள். சந்தையில் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பவளை எழுப்ப என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. நினைக்கவே உடம்பில் தெம்பு வந்தது.

"கஞ்சி குடிச்சவொடனே மாத்திர, சம்மந்தி. அவ உள்ளங்கையில வெச்சிக்கினு ஏமாத்துவா. முழுங்கற வரைக்கும் எதிர்ல நில்லு."

"நீ போ. எனக்குத் தெரியும்."

தெருமுனையில், விவரம் எதுவும் தெரியாத ஒரு மேலத்தெருக் கிழவி பேத்தியோடு வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். சொர்ணம் வழிவிட்டு ஒதுங்கி, திரும்பிப் பார்த்தாள். ஆதியம்மாள் அதற்குள் வாசலுக்கு வந்து, இரண்டு கைகளையும் இருபக்க நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தவலையத் தூக்கினு வந்த வழியே போ பாட்டி," என்று சொல்வது தெருமுனைவரை கேட்டது. "எம் பொண்ணுக்கு இப்ப தண்ணி ஊத்தறதில்ல."

"ஏன்மா?"

"அவ மாமியா சொல்லிட்டுப் போயிக்கீறா, அதான்."

சொர்ணம் கூடையைச் சரியாக வைத்துக்கொண்டு திருப்போரூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.